பதினைந்தாவது வழி

ஏப்ரல் 11

அக்கா,

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதே. உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பெண்களிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துப் போடு. உன் முகவரியைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாதான் கொடுத்தார். நீ அவருக்கு மட்டும் எழுதியிருக்கிறாய் என்று தெரிந்தபோது அழுகை வந்தது. ஆனால் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பதில் எழுதினால் அவர் கடைக்கே எழுது. கடைப் போனில் பேசச் சொன்னார். அங்கே எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சும் வராது.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே இருக்கிற சின்ன ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு வெளிச்சம் மடிவரைக்கும் விழுகிறது. விளக்குப் போட முடியாது. இரவில் எது எரிந்தாலும் கூடத்து மீட்டரில் சிவப்புப் புள்ளி வேகமாகச் சிமிட்டும். அப்பா தன் கட்டிலை மீட்டருக்கு நேர் எதிரே நகர்த்திவிட்டார்.

அவர் அலுவலகத்தில் இந்தக் கோடைக்கு ஒரு போட்டி. மார்ச் தொடங்கி மே 23 காலை வரை, ஊழியர் குடும்பங்களில் எந்த வீட்டில் மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாகிறதோ அந்த வீட்டுக்குக் கேடயம். அன்று மாலையே விழா. அப்பா மின்விசிறிகளின் ஃபியூஸைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பகலெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் படித்துவிட்டு வந்து, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அதே புழுக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். மீட்டர்காரர் வீட்டுக் கொசுவுக்குக்கூட வேர்க்குமாம், தெருவில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நான் எழுத வந்தது அம்மாவைப் பற்றி. மார்ச் மாதத்திலிருந்து சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. இரவில் ஆறேழு தடவை எழுந்து போகிறாள். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. புடவைக் கொசுவம் இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்துவிட்டாள். மருத்துவமனையில் வாயைக் கட்டச் சொன்னார்களாம். அம்மா திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறாள் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். சர்க்கரை டப்பாவை வேலைப் பையில் போட்டுத் தினமும் எடுத்துக்கொண்டு போகிறார்.

"ஒரு சிட்டிகைகூட நான் தொடலைங்க" என்று அம்மா சொன்னாள்.

"ரத்தமும் மீட்டர் மாதிரிதான். அது பொய் சொல்லாது. ஆளுங்கதான் சொல்வாங்க" என்றார்.

அக்கா, ஒரு தடவை வந்து பார். என்மேல் உள்ள கோபத்தை அம்மாமேல் வைக்காதே.

உன் தங்கை

*

ஏப்ரல் 18

சுண்டெலிக்கு,

காட்டாதே, கிழித்துப் போடு என்றெல்லாம் எழுத நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய். போன கோடையில் அப்பா வரிசையாக நிற்க வைத்து, ராத்திரி ஃபேன் போட்டது யாரென்று கேட்டபோது இந்த ரகசியம் காக்கும் புத்தி எங்கே போயிருந்தது? இரண்டு ஷிஃப்ட் நின்றுவிட்டு வந்து, கால் வலி தாங்காமல் அரை மணி நேரம் காற்று வாங்கினேன். உன் கட்டிலுக்கும் சேர்த்துத்தான் அந்தக் காற்று வந்தது. நீ விரலை நீட்டினாய். வாயால்கூடச் சொல்லவில்லை. "காத்து வேணும்னா காத்து இருக்கிற இடத்துக்குப் போ" என்று அவர் சொன்னார், நான் போனேன். அவ்வளவுதான் கதை.

காற்று நிறையவே கிடைக்கிறது. மருந்துக் கிடங்கில் குளிர் அறை வேலை. ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பெட்டி அடுக்குகிறேன். வெளியே வந்தால் தார் உருகுகிறது, உள்ளே போனால் மூக்கு ஒழுகுகிறது. நாள் முழுக்க ஜலதோஷம். நீங்கள் அங்கே வேகிறீர்கள், நான் இங்கே விறைக்கிறேன். கடவுள் நம் வீட்டுக்கு மட்டும் எதையும் அளவாகக் கொடுக்க மாட்டார் போலிருக்கிறது.

வரமாட்டேன். அந்த வாசலில் மறுபடி கால் வைப்பதில்லை என்று சொன்னது சொன்னதுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. அம்மா இன்சுலினைத் தவறாமல் போடுகிறாளா? மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? சுற்றி வளைக்காதே. நீ எதையாவது மறைத்தால் உன் எழுத்து ஒரு பக்கமாகச் சாயும். போன கடிதத்தில் கடைசிப் பத்தி முழுக்கச் சாய்ந்திருக்கிறது.

அக்கா

*

ஏப்ரல் 25

அக்கா,

இதையும் யாரிடமும் காட்டாதே. போன கடிதத்தைவிட இது மோசம்.

அம்மா தவறாமல் ஊசி போடுகிறாள். காலை, மாலை, தானே வயிற்றில் போட்டுக்கொள்கிறாள். மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மருத்துவமனையில் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்த குப்பிகள் எல்லாம் நடுத்தட்டில் அடுக்கி இருக்கின்றன.

ஃப்ரிட்ஜ் மார்ச் 3 முதல் ஓடவில்லை.

உனக்கு என் சார்ட் ஞாபகம் இருக்கும். வீட்டில் மின்சாரம் சேமிக்கப் பதினைந்து வழிகள். ஏழாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியை கண்காட்சிக்காக எழுதச் சொன்னார். முதல் பரிசு வந்ததும் அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே மாட்டினார். உனக்குத் தெரியாதது ஒன்று. எனக்குப் பதினான்குதான் கிடைத்தது. அறை விட்டுப் போகும்போது விளக்கை அணைப்பது, வெயில் விழும் ஜன்னலுக்கு நனைத்த துணி கட்டுவது, இஸ்திரியை வாரம் ஒரு நாள் மொத்தமாகப் போடுவது, எல்லாம் புத்தகத்தில் இருந்தது. பதினைந்து இல்லையென்றால் மதிப்பெண் குறைப்பேன் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். மறுநாள் காலை கொடுக்க வேண்டும். அதனால் கடைசி வரியை நானே இட்டுக்கட்டினேன். "ஃப்ரிட்ஜுக்கும் ஓய்வு தேவை. அணைத்து வைத்தாலும் மூடியே இருந்தால் உள்ளே இருப்பது கெடாது." ஆசிரியை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் 'சரி' போட்டுவிட்டார்.

இரண்டு வருடம் அதை யாரும் கவனிக்கவில்லை. போட்டி வந்ததும் அப்பா சார்ட்டின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். பதினைந்தாவதுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் தலையில் கை வைத்தார். "என் பொண்ணு மூளை" என்றார். அவர் என்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று உனக்குத் தெரியும். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

பால், குழம்பு எதையும் அதற்குள் வைப்பதில்லை. அன்றன்றைக்குச் சமைத்து அன்றன்றைக்கே முடித்துவிடுகிறோம். இன்சுலினை மட்டும் வைத்திருக்கிறோம், ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறதே. திறந்தால் அலமாரி மாதிரி ரப்பர் வாசனை வருகிறது. அடுப்புச் சுவரை ஒட்டி நிற்பதால் உள்ளே வெளியைவிடச் சூடு.

அது மருந்தைக் கெடுக்குமா? கெடுக்காது என்று எழுது.

உன் தங்கை

*

ஏப்ரல் 30

முட்டாளே,

நேற்று எங்கள் குளிர் அறைக் கதவு இருபது நிமிடம் சரியாக மூடாமல் இருந்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து, கதவோரம் இருந்த நாற்பது பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார். இருபது நிமிடத்துக்கு. நீங்கள் இரண்டு மாதமாக அடுப்படியில் வேகவைத்துவிட்டு, கெடுக்காது என்று எழுதச் சொல்கிறாய்.

அம்மா போட்டுக்கொள்வது மருந்தே இல்லை. வெறும் தண்ணீர். சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? அதற்காக அவளைத் திருடி என்று சொல்லிக்கொண்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறார் மனுஷன். ஊரார் வீட்டு மீட்டரையெல்லாம் படித்தவருக்குத் தன் பெண்டாட்டி முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

சார்ட்டின் நாலு மூலையிலும் பூ வரைந்தது நான். ஆகையால் இதில் எனக்கும் பங்கு இருக்கிறது, வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தோடு எங்கள் வேன் டிரைவர் அண்ணன் ஒரு தெர்மோகோல் பெட்டியைத் தையல்காரம்மாவிடம் கொடுப்பார். உள்ளே இரண்டு குப்பி, அம்மா போடுகிற அதே மருந்து. தையல்காரம்மா வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. எனவே கவனமாகக் கேள். சின்ன மண்பானை ஒன்று, பெரிய மண்பானை ஒன்று. சின்னதைப் பெரியதற்குள் வைத்து, நடுவில் மணலைப் போட்டு, மணல் எப்போதும் ஈரமாக இருக்கும்படி தண்ணீர் ஊற்று. குப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே இறக்கி, மேலே ஈரத்துணி போட்டு மூடு. வெயில் படாத, காற்று வருகிற இடத்தில் வை. ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் கொதிக்காது. மின்சாரமும் தேவையில்லை, உன் அப்பாவுக்குப் பிடித்த முறை.

நாளையிலிருந்தே இதைப் போடவை. பழையதைக் கொட்டிவிடு. அவரிடம் எதுவும் சொல்லாதே. சொன்னால் மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்பார்.

அக்கா

*

மே 8

அக்கா,

காட்டாதே என்று இனி எழுதுவதில் அர்த்தமில்லை. இருந்தாலும் காட்டாதே.

நீ சொன்னபடியே செய்தேன். பானைகளைத் தையல்காரம்மா வாங்கிக் கொடுத்தார், அம்மா கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பழையதைக் கொட்டவில்லை, அப்பா அவ்வப்போது எண்ணிப் பார்ப்பார். 2ஆம் தேதி காலை புதுக் குப்பியை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தேன். அம்மா கவனிக்கவில்லை. போட்டுக்கொண்டாள்.

உனக்கு ஒன்று எழுத மறந்துவிட்டேன். நீயும் கேட்கவில்லை. சர்க்கரை குறையாததால் டாக்டர் ஏற்கெனவே இரண்டு தடவை அளவைக் கூட்டியிருந்தார். முன்பு போட்டதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கெட்ட மருந்துக்காகக் கூட்டிய அளவில் நல்ல மருந்தைக் கொடுத்துவிட்டேன்.

பத்து மணிக்கு அம்மாவுக்கு வேர்க்க ஆரம்பித்தது. இந்த வீட்டில் வேர்ப்பது என்ன புதிதா, நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பிறகு என்னைப் பார்த்து, "நீ யாரும்மா, கரண்ட் ஆபீஸா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அக்கா, நான் சிரித்தேன். அப்படியே சுவரோடு சரிந்தாள்.

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "சர்க்கரை கொண்டா, வாயில போடணும், சீக்கிரம்" என்று கத்தினார். சர்க்கரை டப்பா அப்பா பையில் எந்தத் தெருவில் போய்க்கொண்டிருந்ததோ. வீட்டில் இனிப்பு என்று ஒரு பொருள் இல்லை. தன் வீட்டிலும் தீர்ந்துபோயிருந்ததால் தையல்காரம்மா எதிர்க்கடைவரை ஓடி வாங்கி வந்தார். அதற்குள் அம்மாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது.

நாலு நாள் மருத்துவமனையில் இருந்தாள். பிழைத்துவிட்டாள். அங்கே மின்விசிறி ஓடியது. நான்காம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸ் கேட்டார், "வீட்ல இன்சுலினை எங்கம்மா வைக்கிறீங்க?"

அப்பா சொன்னார், "ஃப்ரிட்ஜில்தான். நடுத்தட்டுல."

நர்ஸ் எழுதிக்கொண்டார். அப்பா பொய் சொல்லவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறந்தால் நீ, தையல்காரம்மா, நான், எல்லோரும் மாட்டுவோம். என் அம்மாவுக்கு நானே ஊசியில் விஷம் ஏற்றினேன் என்று போலீஸில் சொல்வார்கள் என்றுகூட நினைத்தேன்.

டாக்டருக்குக் கணக்கு பிடிபடவில்லை. அம்மா சில நாள் ஊசியை விட்டுவிட்டுச் சில நாள் சேர்த்துப் போடுகிறாள் என்று முடிவு செய்து அம்மாவைத் திட்டினார். அளவைப் பழையபடி குறைத்தார். இனி ஊசியை நீங்களே போடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னார்.

இப்போது அப்பா போடுகிறார். காலை ஆறு, மாலை ஆறு, ஒரு நிமிடம் பிசகுவதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணாடி மாட்டி, ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வலிச்சா சொல்லு" என்று கேட்டுப் போடுகிறார். அந்த நடுத்தட்டுக் குப்பியிலிருந்து. இருக்கிறதை வீணாக்கக் கூடாதாம்.

உன் தங்கை

*

மே 13

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைக் குளிர் அறையில் நின்று படித்தேன்.

அளவு கூட்டினார்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். தினமும் மருந்தோடு புரள்கிறவள் நான். ஒன்பதாம் வகுப்புப் பெண் நீ. உன்னைத் திட்டுகிற வேகத்தில் கேட்க மறந்துவிட்டேன். இது என் தப்பு. ஒரு தடவைதான் எழுதுவேன், மறுபடி சொல்லமாட்டேன்.

திருட்டுத்தனமாக இதைச் சரி செய்ய முடியாது என்பது இப்போது உனக்கும் எனக்கும் தெரிகிறது. உண்மை டாக்டர் காதுக்குப் போனால்தான் அளவு சரியாகும். கிடங்கிலிருந்து மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "நோயாளி வீட்டில் இருக்கிறவர்கள் வந்து சொல்லட்டும், நீங்கள் வெளியூர்" என்று வைத்துவிட்டார்கள். சரிதான். வீட்டை விட்டுப் போனவள் பேச்சு எந்த வீட்டிலும் எடுபடாது.

நீதான் சொல்ல வேண்டும். முதலில் அவரிடம் சொல். அடித்தாலும் சொல். விரலை நீட்டத் தெரிந்தவளுக்கு வாயைத் திறக்கத் தெரியாதா?

23ஆம் தேதி லீவு போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வரமாட்டேன். மாலை விழா மண்டப வாசலில் நிற்கிறேன். அம்மாவை அங்கே அழைத்து வா.

அக்கா

*

மே 22

அக்கா,

இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

சொன்னேன். உன் கடிதம் வந்த அன்றே. அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பா, அந்த ஃப்ரிட்ஜ், என்று ஆரம்பித்தேன். அவர் நிமிராமலே, "ஐஸ் தண்ணி வேணுமா? இன்னும் ஒரு வாரம் பொறுக்க முடியாதா? உங்க அக்கா இப்படித்தான் ஆரம்பிச்சா" என்றார். ஐஸ் தண்ணீர் இல்லை, அம்மா மருந்து, என்றேன். "மருந்தை நான் பார்த்துக்கறேன். டாக்டர் என்கிட்டதான் கொடுத்திருக்கார்" என்று குளிக்கப் போய்விட்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுதுகொண்டே மீதியையும் சொல்லியிருப்பேன்.

இன்று காலை அம்மாவிடம் சொன்னேன், பதினைந்தாவது வரி பொய் என்பது உட்பட. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் மணல் காயாமல் இருந்தது நான் ஊற்றிய தண்ணீரால் மட்டும் இல்லை. நான் தூங்கிய பிறகு அம்மாவும் ஊற்றியிருக்கிறாள்.

"இருபத்தாறு வருஷமா அந்த மனுஷனை எல்லாரும் வெளியவே நிக்கவெச்சுப் பேசி அனுப்பியிருக்காங்க. நாய் விட்டிருக்காங்க. ஒரு தடவை மேடை ஏறட்டும். நாளைக்கு அப்புறம் நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

நாளைக்கு அப்புறம் என்பது இல்லை, அக்கா. இன்று மாலை அவர் சொன்னார், பழகிவிட்டது, இனி எதற்கு அது, ஃப்ரிட்ஜை விற்றுவிடலாம் என்று. அம்மாவுக்கு மூன்று நாளாக மூச்சில் அழுகிய பழ வாசனை வருகிறது. மத்தியானமெல்லாம் தூங்குகிறாள். எழுப்பினால் வெகுநேரம் கழித்துத்தான் கண் திறக்கிறாள். ஏற்கெனவே இளைத்த உடம்பு, இப்போது இன்னும் சுருங்கிவிட்டது.

நம் வீட்டு மீட்டர்தான் இதுவரை எல்லாரையும்விடக் குறைவாம். நாளைய விழாவில் மேடைக்குப் பின்னால் என் சார்ட்டை மாட்டப் போகிறார்களாம். இதுதான் எங்கள் வீட்டு ரகசியம் என்று அப்பா அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார். சட்டத்திலிருந்து எடுத்து, எழுத்து மங்கிவிட்டது என்று புது மார்க்கர் வாங்கித் தந்தார். "மேல ஒரு தடவை அழுத்தி எழுதிடு. கடைசி வரிசைல உக்கார்றவங்களுக்கும் தெரியணும்" என்றார். ஒன்பது மணிவரை அதற்காக விளக்குப் போட்டுக்கொள்ளவும் அனுமதித்தார். பதினான்கு வரிகளை எழுதி முடித்தேன். உன் பூக்களுக்கும் கொஞ்சம் வண்ணம் ஏற்றினேன். பதினைந்தாவதுக்குக் கை ஓடவில்லை. மணி ஒன்பதாகிவிட்டது, சுருட்டி வைத்துவிட்டேன்.

எல்லோரும் தூங்கிய பிறகு சார்ட்டைக் குளியலறைக்கு எடுத்து வந்தேன். இன்று தெருவிளக்கு எரியவில்லை. இருட்டில் கோணலாக எழுதினால் கடைசி வரிசைக்குத் தெரியாது. அதனால் விளக்கைப் போட்டேன். பதினைந்தாவது வரியை அடித்துவிட்டு அதற்குக் கீழே, பெரிய எழுத்தில், இப்படி எழுதினேன்:

இது பொய். எண்ணிக்கை குறைந்ததால் நானே எழுதியது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மார்ச் 3 முதல் ஓடவில்லை. அம்மாவின் இன்சுலின் அதற்குள்தான் இருக்கிறது. யாராவது எங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எழுத்து சாயவில்லை. நேராக இருக்கிறது. நீயே நாளைக்குப் பார்.

காய்ந்ததும் பழையபடி சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, வாசல் பக்கத்தில் அவர் பைக்கு மேலேயே வைத்துவிட்டு வந்தேன். காலையில் அவர் அதைப் பிரித்துப் பார்க்கமாட்டார், என் எழுத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அவரை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைக்கப் போகிறேன், உன்னைக் காட்டிக் கொடுத்த மாதிரியே. இந்தத் தடவை விரலை மேடை முழுக்க நீட்டியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட நேரமில்லை. ஜன்னல் வழியாகத் தையல்காரம்மா பின்கட்டில் போடுகிறேன். காலையில் துணி உலர்த்த வருகிறவர் எடுத்துக்கொள்வார். மண்டப வாசலில் உன் கையில் கொடுப்பார். விழாவுக்கு அப்பா என்னை அழைத்து வருவாரா என்று தெரியவில்லை. அம்மாவை நீ நேராக மருத்துவமனைக்கே

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள், வெளியே நின்று இருமுவாள்.

விளக்கை அணைக்காமலே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். புள்ளி சிமிட்டியிருக்கும்.

"உள்ள யாரு? லைட் எரியுதா?" என்கிறார். கோபமாக இல்லை, தூக்கக் குரல். மறுபடி தட்டுகிறார். அவர் கையில் சுருட்டிய காகிதம் பிரிகிற சத்தம் கேட்கிற